பந்தியில் இடம்

1940ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளுக்குப் பத்து சென்ட் விலையில் வந்துசேர்ந்த ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழின் அட்டையில் அடிதடி கிடையாது. எரியும் கட்டடம் இல்லை, அலறும் பெண் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் முதுகில் இறக்கைகள். இன்னொருவர் முகத்தில் நச்சுப்புகைக் கவசம். வேறொருவர் தலையில் இறக்கை முளைத்த இரும்புத் தொப்பி. உடையை மறந்துவிட்டுப் பார்த்தால் ஊர்ச் சங்கமொன்றின் செயற்குழு கூடியிருப்பதுபோல அவ்வளவு அமைதி. உள்ளே புரட்டினால் அவர்கள் இரவு விருந்துக்கு வந்திருப்பது தெரிகிறது. சாப்பிட்டபடி, ஆளுக்கொரு கதையாகத் தங்கள் வீரதீரங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

‘ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா’ என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் கூட்டம்தான் காமிக்ஸ் வரலாற்றின் முதல் சூப்பர்ஹீரோ குழு. உலகைக் காக்க வேண்டும் என்ற அவசரம் எதுவும் அதைக் கூட்டவில்லை. கணக்குதான் கூட்டியது. மேசையில் இருந்த எட்டுப் பேரில் ஃபிளாஷ், கிரீன் லேண்டர்ன், ஹாக்மேன், ஆட்டம் ஆகிய நால்வர் ‘ஆல்-அமெரிக்கன்’ நிறுவனத்தின் பிள்ளைகள். ஸ்பெக்டர், டாக்டர் ஃபேட், ஹவர்மேன், சாண்ட்மேன் ஆகிய நால்வர் கூட்டாளி நிறுவனமான ‘நேஷனல்’ வீட்டுப் பிள்ளைகள். இங்கே நாலு, அங்கே நாலு. வேறு வேறு இதழ்களில் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தவர்களை ஓரிடத்தில் காட்டினால், யாரை வாசகர்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா?

ஆகவே ஒரு விதி இருந்தது. சொந்தப் பெயரில் தனி இதழ் கிடைத்துவிட்டால் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். சூப்பர்மேனும் பேட்மேனும் தொடக்கத்திலிருந்தே பெயருக்கு மட்டும் கௌரவ உறுப்பினர்கள். ஆறாவது இதழில் ஃபிளாஷ் விடைபெற்றான், அவனுக்குத் தனி இதழ் வந்துவிட்டது. அடுத்துச் சில மாதங்களில் கிரீன் லேண்டர்ன். வென்றவனுக்கு நாற்காலி இல்லை. இடம் தேவைப்பட்டவனுக்கே இடம். வணிகத்துக்காகப் போட்ட இந்த விதி, குழுக் கதைகளின் பிற்கால வரலாறு முழுவதையும் ஒரு விதையாகத் தன்னுள் வைத்திருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

முதல் விருந்திலேயே அழைப்பில்லாமல் வந்தவர்களும் உண்டு. ஜானி தண்டர் என்ற வெகுளி இளைஞன் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டான். பின்னால் ஃபிளாஷ் காலிசெய்த இடம் அவனுக்கே கிடைத்தது. இன்னொருவர் ரெட் டொர்னேடோ. தலையில் சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு தன் தெருவைக் காக்கக் கிளம்பிய, மளிகைக்கடை நடத்தும் ஒரு குடும்பத்தலைவி. இதழின் ஆசிரியர் ஷெல்டன் மேயரின் கையில் பிறந்தவள். வந்தாள், உடை கிழிந்துவிட்டது, வந்த வழியே போய்விட்டாள். வேடிக்கைக்காக வைத்த காட்சி. முதல் சூப்பர்ஹீரோ பந்தியில் வந்து நின்ற ஒரே பெண் உட்காராமல் திரும்பிப் போனாள் என்பது மட்டும் இன்றைக்குப் படிக்கும்போது உறுத்துகிறது. அடுத்த ஆண்டு எட்டாவது இதழில் வொண்டர் உமன் பிறந்தாள். போர் வந்து ஆண்கள் களத்துக்குப் போன கதையில், மேசையில் இருந்த பலரைவிட வலிமை மிகுந்த அவளுக்குச் சங்கம் தந்த பொறுப்பு செயலாளர் பதவி. குறிப்பெழுத வேண்டும்.

இந்தக் கதைகளை எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ். புரூக்ளினில் பிறந்து, சட்டம் படித்து, வழக்கறிஞரானவர். தொழில் மந்தமான காலத்தில் காமிக்ஸ் எழுத வந்தார். ஃபிளாஷ், ஹாக்மேன், டாக்டர் ஃபேட் ஆகியோரின் பிறப்பில் அவருக்குப் பங்குண்டு. அவர் கையில் ஜஸ்டிஸ் சொசைட்டிக் கதைக்கு ஒரு வாய்ப்பாடு உருவானது. முதல் பக்கங்களில் எல்லோரும் கூடுவார்கள், வேலையைப் பிரித்துக்கொண்டு தனித்தனியே போவார்கள், கடைசிப் பக்கங்களில் மறுபடி கூடுவார்கள். இடையிலுள்ள ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒவ்வொரு ஓவியர் வரைந்தார். கூட்டுக் குடும்பம் என்று பெயர், ஆளுக்கொரு அடுப்பு. ஒரு வீரன் இன்னொருவனைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று அந்தப் பக்கங்களில் தேடினால் கிடைக்காது. எல்லோரும் எல்லோரையும் மதித்தார்கள். அவ்வளவுதான்.

1951-இல் 57ஆம் இதழோடு சங்கம் கலைந்தது. போருக்குப் பின் முகமூடி வீரர்களின் மவுசு குறைந்திருந்தது. அடுத்த இதழ் முதல் அதே பத்திரிகை ‘ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன்’ என்று பெயர் மாறிக் கௌபாய் கதைகளைப் போட்டது. விடைபெறும் காட்சிகூட இல்லை. 28 ஆண்டுகள் கழித்து, 1979-இல், சிறுவயது முதல் இந்தக் கதைகளில் ஊறிய பால் லெவிட்ஸ் என்ற எழுத்தாளர் அந்த முடிவைத் திருத்தி எழுதினார். நாடாளுமன்றக் குழுவொன்று சங்கத்தை அழைத்து, முகமூடியைக் கழற்றி விசுவாசத்தை நிரூபிக்கச் சொல்கிறது; அவர்கள் மறுத்து, அவையின் நடுவிலிருந்து மறைந்துபோகிறார்கள். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்து அமெரிக்காவின் காயம் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது. விற்பனை சரிந்ததால் அவர்கள் போனார்கள் என்ற உண்மையை ஒரு வாசகனால் கடைசிவரை ஏற்க முடியவில்லை. கௌரவமான காரணம் ஒன்றை அவர்களுக்குத் தேடிக் கொடுத்தார்.

ஐம்பதுகளில் காமிக்ஸ்மீது விசாரணை, தணிக்கை விதிகள், பதிப்பகங்கள் மூடல் என்று அடிமேல் அடி விழுந்தது. 1956-இல் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற ஆசிரியர் ஃபிளாஷைப் புது உருவில் எழுப்பினார். 1960-இல் அதே ஷ்வார்ட்ஸும் அதே ஃபாக்ஸும் பழைய சங்கத்தை ‘ஜஸ்டிஸ் லீக்’ ஆக்கினார்கள். ‘சொசைட்டி’ என்றால் மேட்டுக்குடியினர் கூடும் மன்றம்போல ஒலிக்கிறது, ‘லீக்’ என்றால் பேஸ்பால் பார்க்கும் பையனுக்கு உடனே புரியும் என்பது ஷ்வார்ட்ஸின் கணக்கு. அந்த முதல் இதழின் அட்டையில் ராட்சத நட்சத்திர மீன் ஒன்றோடு ஐந்து பேர் மோதுகிறார்கள். சூப்பர்மேனும் பேட்மேனும் உறுப்பினர்கள்தான்; அட்டையில் இல்லை. அவர்களை வைத்திருந்த ஆசிரியர்களுக்குத் தங்கள் நாயகர்கள் கண்ட இடத்திலெல்லாம் தலைகாட்டுவதில் விருப்பமில்லை. மேசை புதிது, பழைய விதி மட்டும் மாறவில்லை.

லீக் நன்றாக விற்றது. பின்னாளில் மார்வெல் என்று அறியப்பட்ட போட்டி நிறுவனத்தின் உரிமையாளர் மார்ட்டின் குட்மேன், நம்மிடமும் அப்படி ஒரு குழு வேண்டும் என்று தன் ஆசிரியர் ஸ்டான் லீயிடம் சொன்னார். லீ பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் 1961-இல் கொடுத்ததோ வேறொன்று.

‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழில் யாருக்கும் சீருடை கிடையாது. ரகசியப் பெயர் காப்பாற்றும் வழக்கமும் கிடையாது. ஒரு விஞ்ஞானி, அவருடைய காதலி, அவள் தம்பி, விஞ்ஞானியின் பழைய நண்பனான விமானி. போதிய பாதுகாப்பு இல்லை என்று விமானி எச்சரித்தும் கேளாமல் விஞ்ஞானி ராக்கெட்டில் ஏற்றிக்கொண்டு போகிறார். அண்டக் கதிர்கள் நால்வரையும் மாற்றுகின்றன. விஞ்ஞானியின் உடல் ரப்பராக நீள்கிறது, பெண் கண்ணுக்கு மறைகிறாள், பையன் தீயாகிறான். எச்சரித்தவனோ பாறைப்பிண்டமாகிறான். மற்ற மூவரும் வேண்டும்போது மனிதராகத் திரும்பிவிடலாம். பென் கிரிம் முடியாது. அவனுக்கு அது கழற்ற முடியாத சட்டை.

இருபது ஆண்டுகளாகக் குழுக் கதைகளில் இல்லாதிருந்த ஒன்று இங்கே வந்துவிட்டது: தீர்க்க முடியாத ஒரு கடன். விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ் எத்தனை முறை உலகைக் காத்தாலும், எதிரே ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நண்பனின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். மூன்றாவது இதழில் பையன் சண்டைபோட்டுவிட்டு வெளியேறுகிறான். ஒன்பதாவது இதழில் பங்குச்சந்தையில் ரீட் பணத்தை இழக்க, உலகப்புகழ் பெற்ற நால்வரும் வாடகை கொடுக்க வழியில்லாமல் வீதிக்கு வருகிறார்கள். ஜஸ்டிஸ் லீக்கின் வீரர்கள் அனைவரும் ஒரே குரலில் பேசினார்கள், பெயரை மறைத்துவிட்டால் யார் பேசுவது என்று சொல்ல முடியாது. பென் பேசினால் ஒரே வரியில் தெரிந்துவிடும். அவன் பேச்சில் நியூயார்க்கின் ஏழைத்தெரு இருந்தது.

அந்தத் தெரு கிர்பியுடையது. ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க் என்ற பெயரில் 1917-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் ஏழை யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். தெருவுக்குத் தெரு பையன்கள் கும்பல் கட்டி அடித்துக்கொண்ட வட்டாரம். இரண்டாம் உலகப்போரில் பிரான்சில் காலாட்படை வீரராகப் போரிட்டு, உறைபனியில் கால்களை இழக்கும் நிலைவரை போய் மீண்டவர். குள்ளமான, சுருட்டு பிடிக்கும், கோபக்கார, இளகிய மனதுக்காரர். பென் கிரிம்மும் சுருட்டு பிடிப்பான். கிர்பியை நேரில் அறிந்தவர்கள் அந்தப் பாறை முகத்தில் யாரைக் கண்டார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ஹனுக்கா பண்டிகைக்காகக் கிர்பி வரைந்த படமொன்றில் பென் தொழுகைச் சால்வை போர்த்தி, கையில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு நிற்கிறான். அச்சிட்ட காமிக்ஸில் அவன் யூதன் என்று சொல்லப்பட்டதோ 2002-இல்தான். வரைந்தவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து.

இங்கே கதைக்குள்ளிருந்து கொஞ்சம் வெளியே வந்து, கதை செய்யப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காமிக்ஸ் பக்கம் ஒருவர் செய்வதல்ல. ஒருவர் கதை சொல்ல, ஒருவர் பென்சிலில் வரைய, ஒருவர் மை ஏற்ற, ஒருவர் வசனங்களைக் கையால் எழுத, ஒருவர் வண்ணம் குறிக்க, ஆசிரியர் கத்தரிக்க, பக்கம் அச்சுக்குப் போனது. பெரும்பாலானவர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள். படைத்த பாத்திரத்தில் உரிமை இல்லை, மறுபதிப்பில் பங்கு இல்லை, வரைந்த மூலப்பக்கம்கூட அன்று திரும்பி வராது. ஒன்றாகச் சேர்ந்து நிற்பதைப் பற்றிய கதைகளை, அப்படிச் சேர்ந்து நிற்க ஒரு சங்கம்கூட இல்லாதவர்கள்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

லீயும் கிர்பியும் வேலைசெய்த விதம் சிக்கலை இன்னும் கூட்டியது. முழுக்கதையை எழுதிக் கொடுக்க லீக்கு நேரமில்லை. இருவரும் சிறிது பேசுவார்கள். கிர்பி வீட்டுக்குப் போய், இருபது பக்கத்துக்கும் காட்சிகளைத் தானே அமைத்து வரைந்து, ஓரத்தில் குறிப்புகளும் எழுதிக் கொண்டுவருவார். அதன்மேல் லீ வசனம் எழுதுவார். 1966 தேதியிட்ட 48ஆம் இதழின் பக்கங்கள் வந்தபோது, பேசியதில் இல்லாத ஓர் உருவம் வானத்தில் அலைப்பலகைமீது பறந்துகொண்டிருந்தது. யார் இது என்று லீ கேட்டார். கிரகங்களைத் தின்னும் ஒருவனுக்கு முன்னோடி தேவைப்படாதா என்பது கிர்பியின் விளக்கம். சில்வர் சர்ஃபர் பிறந்த விதத்தைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்றவை அனைத்தையும் பற்றி இருந்தது. முதல் இதழுக்கான யோசனை யாருடையது என்ற கேள்விக்கு லீ தன் பெயரைச் சொன்னார், கிர்பி தன் பெயரைச் சொன்னார். தொடர்ச்சியாக 102 இதழ்கள் வரைந்துவிட்டு 1970-இல் கிர்பி எழுந்து போனார். அந்த 102 இதழ்களைப் பக்கம்பக்கமாகப் பார்க்கிறவருக்கு, கட்டங்களின் வேகமும் பிரம்மாண்டமும் கிர்பியிடமிருந்தும், அவற்றுக்குள் மனிதர்கள் பேசிக்கொள்ளும் தொனி லீயிடமிருந்தும் வந்தது என்று தோன்றும். ஒருவரைக் கழித்துவிட்டு மற்றவரை மட்டும் வைத்து அதைக் கற்பனை செய்ய முடியவில்லை.

1963 குழுக்களின் ஆண்டு. மார்வெலில் ‘அவெஞ்சர்ஸ்’, ‘எக்ஸ்-மென்’ இரண்டும் ஒரே மாதத் தேதியிட்டு வந்தன. அவெஞ்சர்ஸ் புகழ்பெற்றவர்களின் கூட்டம் என்றாலும் இரண்டாவது இதழிலேயே ஹல்க் கோபித்துக்கொண்டு போய்விட்டான். 1965-இல் 16ஆம் இதழில் தோர், அயர்ன் மேன் உட்பட நிறுவியவர்கள் எல்லோரும் விலக, பனிக்கட்டியிலிருந்து மீட்கப்பட்ட கேப்டன் அமெரிக்காவிடம் மூன்று பேர் ஒப்படைக்கப்படுகிறார்கள். மூவரும் முன்னாள் எதிரிகள். ஒருவன் அயர்ன் மேன்மீது அம்பு எய்தவன், மற்ற இருவர் எக்ஸ்-மென்னோடு மோதிய அண்ணன் தங்கை. குற்றப்பழி சுமந்தவர்களுக்கு நாற்காலி தரலாம் என்ற அந்த முடிவு அன்றைய காமிக்ஸில் துணிச்சலானது.

அவற்றுக்கு மூன்று மாதம் முன்பு, ஜஸ்டிஸ் லீக்கை வெளியிட்ட எதிர்முகாமான டி.சி. நிறுவனத்தில், ‘டூம் பட்ரோல்’ வந்திருந்தது. இன்று அதன் பெயர் மற்றவற்றின் நிழலில் கிடக்கிறது. எழுதியவர்கள் ஆர்னால்ட் டிரேக்கும் பாப் ஹேனியும். வரைந்தவர் புரூனோ பிரமியானி. விபத்தில் உடல் சிதைந்து, மூளை மட்டும் இரும்புக் கூட்டுக்குள் வைக்கப்பட்ட கார்ப் பந்தய ஓட்டுநர். கதிர்வீச்சு வெளியே கசியாமலிருக்க உடல் முழுக்கக் கட்டுப்போட்டு வாழும் விமானி. உருவம் தாறுமாறாகப் பெருத்தும் சிறுத்தும் போனதால் திரையுலகம் கைவிட்ட நடிகை. அவர்களைத் தேடிச் சேர்த்தவர் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு மேதை. எக்ஸ்-மென்னின் பேராசிரியரும் சக்கர நாற்காலிக்காரர். தற்செயல் என்று முதலில் எண்ணிய டிரேக் பிற்காலத்தில் அதைச் சந்தேகித்தார். அது தனி வழக்கு. இந்த நால்வரை உலகம் ஒதுக்கியதால்தான் அவர்கள் ஒரு வீட்டில் இருந்தார்கள் என்பதே இங்கே பேசவேண்டியது. எழுந்து போக அவர்களுக்குத் தனி இதழும் இல்லை, வேறு இடமும் இல்லை.

1968-இல் விற்பனை சரிந்து இதழை நிறுத்த முடிவானது. டிரேக் கடைசி இதழான 121-ஐ எழுதினார். குழுவைத் தீவொன்றில் சிக்கவைத்த பகைவன், உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, பேரம் பேசுகிறான். ஒன்று அந்தத் தீவை வெடிக்க வைப்பான். அல்லது மெய்ன் மாநிலத்தின் கோட்ஸ்வில் என்ற மீனவக் கிராமத்தை. அங்கே இருப்பவர்கள் 14 பேர். உலகின் தலைவர் யாரும் இல்லை, விஞ்ஞானி இல்லை, பெயர் தெரிந்த ஒருவரும் இல்லை. உங்களைப்போன்ற பெரிய வீரர்களின் உயிருக்கு முன்னால் பதினான்கு மீனவர்கள் எந்த மூலைக்கு என்பது அவன் நினைப்பு. நால்வருக்கும் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. எங்களை எடுத்துக்கொள் என்கிறார்கள். தீவு வெடிக்கிறது. சூப்பர்ஹீரோ கதைகளில் பிரபஞ்சம் காப்பாற்றப்படுவது அன்றாடம், அதில் மனம் பெரிதாக அசைவதில்லை. பதினான்கு என்ற சின்ன எண்ணிக்கை அசைத்துவிடுகிறது.

அந்தக் கதையில் ஆசிரியர் மர்ரி போல்டினாஃபும் ஓவியர் பிரமியானியும் பாத்திரங்களாக வந்து வாசகர்களோடு பேசுகிறார்கள். குழு மீண்டு வருவது உங்கள் கையில் என்கிறார்கள். எழுதிய டிரேக் அதில் இல்லை.

டிரேக் அப்போது நிறுவனத்தோடு தகராறில் இருந்தார். அறுபதுகளின் பிற்பகுதியில் டி.சி.யின் மூத்த எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து, மருத்துவக் காப்பீடு வேண்டும், கதையை மறுபடி அச்சிட்டால் அதற்கும் பணம் வேண்டும் என்று கேட்டார்கள். டிரேக், கார்ட்னர் ஃபாக்ஸ், பேட்மேன் உருவாகக் காரணமாயிருந்த பில் ஃபிங்கர் போன்றோர் அதில் இருந்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை. சிறிது காலத்துக்குள் அவர்களில் பலருக்கு வேலை வருவது நின்றது. முதல் விருந்து மேசையை எழுதிய ஃபாக்ஸ், ஜஸ்டிஸ் லீக் 65ஆம் இதழோடு 1968-இல் வெளியேறினார். பிறகு மலிவுப்பதிப்பு நாவல்கள் எழுதிப் பிழைத்தார். இருபத்தெட்டு ஆண்டுகளாக வீரர்களைக் கூட்டம் கூட்டமாக எழுதியவர்கள், தாங்கள் ஒருமுறை கூடி நின்றதற்கு விலை கொடுத்தார்கள். டிரேக் எதிர்முகாமுக்குப் போய்ச் சில காலம் எக்ஸ்-மென் எழுதினார்.

இதே ஆண்டுகளில் பிட்ஸ்பர்கில் ஒரு சிறுவன் காமிக்ஸ் எழுதிக் குடும்பத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தான். ஜிம் ஷூட்டரின் தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி, வீட்டில் எப்போதும் பற்றாக்குறை. முப்பதாம் நூற்றாண்டின் பதின்பருவத்தினர் கூடி நடத்தும் ‘லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்’ தொடருக்குக் கதை எழுதிப் படமும் வரைந்து பதின்மூன்று வயதில் அனுப்பினான். 1966-இல் அது அச்சானபோது அவனுக்கு வயது பதினான்கு. எதிரிகளைவிடக் கூட்டாளிகள் முக்கியம் என்று அந்த வயதுக்கே உரிய கூர்மையோடு அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் உருவாக்கிய பாத்திரங்களில் ஒருவன் எப்போதும் முகமூடியோடு திரியும் ஃபெர்ரோ லேட். முகமூடிக்குள் இருப்பவன் ஒரு கறுப்பின இளைஞன் என்பது ஷூட்டரின் எண்ணம். ஆசிரியர் மார்ட் வைசிங்கர் அனுமதிக்கவில்லை. 1967-இல் ஃபெர்ரோ லேட் சூரியனை விழுங்கும் ஒன்றை அழிக்கத் தன்னைக் கொடுத்து இறந்தான். முகமூடி கழலவே இல்லை.

லீஜனைப் பிற்பாடு வரைய வந்த ஓவியர் டேவ் காக்ரம். 1974-இல் 200ஆம் இதழுக்காக லீஜன் உறுப்பினர் இருவரின் திருமணத்தை இரண்டு பக்கம் விரித்து வரைந்தார். குழு மொத்தமும் கூடிய கல்யாணப்பந்தல். ஒவ்வொரு முகமும் தனி முகம். அந்த மூலப்பக்கத்தைத் தனக்குத் திருப்பித் தரும்படி கேட்டார். தரமாட்டோம் என்றார்கள். வேலையை விட்டுவிட்டு மார்வெலுக்குப் போனார். போகும்போது, லீஜனுக்காக யோசித்து வைத்திருந்த கருநீல உடலும் வாலும் கொண்ட ஓர் உருவத்தையும் மனதில் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த உருவம்தான் நைட்கிராலர். எக்ஸ்-மென் 1970 முதல் புதுக்கதை இல்லாமல் பழையவற்றையே மறுபதிப்பிட்டுக்கொண்டிருந்த தொடர். 1975-இல் லென் வைனும் காக்ரமும் அதற்குப் புது ஆட்களைச் சேர்த்தார்கள். ஜெர்மானியக் கிராமத்தில் தீவட்டிக் கும்பல் துரத்தும் நைட்கிராலர், கென்யாவில் மழை தரும் தெய்வமாக வணங்கப்படும் ஸ்டோர்ம், சைபீரியக் கூட்டுப்பண்ணையிலிருந்து வரும் கொலோசஸ், கனடா ராணுவத்தை உதறிவிட்டு வரும் வுல்வரின், தன் மக்களின் ஒதுக்கிடத்தில் கசப்போடு வாழும் அப்பாச்சி இளைஞன் தண்டர்பேர்ட். பேராசிரியர் நாடுநாடாகப் போய் ஒவ்வொருவரையும் அழைக்கும் பக்கங்கள் 1940-இன் விருந்துக்கு வெகுதூரத்தில் இருக்கின்றன. அங்கே எட்டுப் பேரும் ஒரே சாயல் கொண்ட வெள்ளையர்கள். இங்கே ஒருவருக்கு மற்றவரின் சாப்பாடு தெரியாது, சாமி தெரியாது. இதன் குறையையும் சொல்ல வேண்டும். தண்டர்பேர்ட் தொடர் தொடங்கிய சில மாதங்களில், 95ஆம் இதழில், கொல்லப்பட்டான். இடம் கொடுத்து உடனே பறித்ததுபோல அது இன்றும் வலிக்கிறது.

அடுத்துவந்த கிறிஸ் கிளேர்மான்ட் பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக இவர்களை எழுதினார். லண்டனில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். கதைக்கு இடையே இவர்களைப் பேஸ்பால் ஆடவிட்டார், சமைக்கவிட்டார், தொலைபேசியில் அம்மாவோடு பேசவிட்டார். ஆகவே 1980-இல் எக்ஸ்-மென் குழுவில் ஒருத்தியான ஜீன் கிரே தன் சக்தியின் வெறியில் ஒரு சூரியனை விழுங்கி, அதைச் சுற்றிய கிரகத்தின் 500 கோடி உயிர்களை அழித்தபோது, வாசகர்களுக்கு அது வீட்டில் நடந்த கொலையாக இருந்தது. கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பைர்னும் அவளுடைய சக்தியை மட்டும் பறித்து உயிரோடு விடுவதாக முடித்திருந்தார்கள். மார்வெலின் தலைமை ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை உயிர்களைக் கொன்றவள் ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்குத் திரும்ப முடியாது என்றார். அந்தத் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர், பதினைந்து வயதில் ஃபெர்ரோ லேட்டைச் சாகவிட்டவர். 137ஆம் இதழின் பக்கங்கள் திருத்தி வரையப்பட்டன. நிலவில், காதலனின் கண்ணெதிரே, ஜீன் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டாள்.

ஷூட்டர் செய்தது சரி என்றே தோன்றுகிறது. கோட்ஸ்வில்லின் பதினான்கு பேருக்கு எடை உண்டென்றால், பெயரில்லாத அந்தக் கிரகத்தாருக்கும் உண்டு. ஒரு குழு தன் ஆளைக் காப்பாற்றுவதற்கும் அவள் செய்ததை மறைப்பதற்கும் இடையில் இருக்கும் கோட்டை அந்த இதழ் போட்டது. கிளேர்மான்ட்டின் வேதனையும் பொய்யில்லை. 1991-இல் அவர் எழுதிய புதிய எக்ஸ்-மென் முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. அதுவரை எந்தக் காமிக்ஸ் இதழும் எட்டாத எண்ணிக்கை. வேறோர் ஆசிரியரோடு ஒத்துப்போகாமல் மூன்றாவது இதழோடு அவர் எழுந்து போயிருந்தார்.

காக்ரம் நோயில் விழுந்து மருத்துவமனையில் கிடந்தபோது, எக்ஸ்-மென் படங்கள் கோடிகளில் வசூலித்துக்கொண்டிருந்தன. சக ஓவியர்களும் வாசகர்களும் அவருக்காகப் பணம் திரட்டினார்கள், நிறுவனத்தோடு பேசி ஓர் உதவித்தொகைக்கும் வழிசெய்தார்கள். 2006-இல் இறந்தார். கிர்பிக்கு 1987-இல் ஏறத்தாழ இரண்டாயிரம் மூலப்பக்கங்கள் திரும்பக் கிடைத்தன. அவர் வரைந்ததில் அது சிறு பங்கு. 1994-இல் அவர் இறந்தார். அவருடைய பிள்ளைகளுக்கும் மார்வெலுக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்ற வாசல்வரை போய், 2014 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு மார்வெல் இதழ்களில் லீயின் பெயரோடு கிர்பியின் பெயரும் படைத்தவராக அச்சாகத் தொடங்கியது.

1965-இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ மூன்றாவது ஆண்டு மலரில் ரீடுக்கும் அவருடைய காதலி சூவுக்கும் கல்யாணம். அதுவரை மார்வெல் படைத்த ஏறக்குறைய எல்லா வீரர்களும் வந்திருக்கிறார்கள், எல்லா வில்லன்களும் கெடுக்கப் பார்க்கிறார்கள், பக்கத்துக்குப் பக்கம் கூட்டம் தள்ளுமுள்ளு. ஒருவழியாகத் தாலி கட்டாத குறையாகச் சடங்கு முடிகிறது. கடைசிப் பக்கத்தில், தொப்பி வைத்த இரண்டு பேர் உள்ளே போகப் பார்க்கிறார்கள். அழைப்பிதழ் எங்கே என்கிறார் வாசலில் நிற்கும் மார்வெல் பாத்திரமான நிக் ஃப்யூரி. அவர்களிடம் இல்லை. தாங்கள் யார் என்று சொல்லிப் பார்த்தும் பயனில்லை. உள்ளேயிருக்கும் கூட்டம் முழுவதையும் வரைந்தவரும் அதற்கு வசனம் எழுதியவரும் அடுத்த இதழுக்கான வேலையைப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டே, அந்த வருடம் இன்னும் ஒன்றாகத்தான், தெருவில் நடந்து போகிறார்கள்.